டயர்க் கடைப் படமும் திருஷ்டிப் பொட்டும்

(சின்ன காஞ்சிபுரத்தில் நெசவாளத் தோழர்கள் கூட்டிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



வழக்கமாக நாம் கூட்டத்துக்கு வரும்போது கையில் ஒரு புராணப் புத்தகத்தைக் கொண்டுவருவது உண்டு. இன்று அதைக் கொண்டுவரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பழைய போட்டோப் படத்தைப் பெரிதாக்கி, அட்டையில் ஒட்டிக் கொண்டுவந்திருக்கின்றோம். இது நம் தோழர் ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்தது. மோட்டார் வண்டிகள் நம் நாட்டுக்கு வந்த புதிதில் இருந்த ஒரு டயர்க் கடையின் படம். எந்த ஊர், எந்த வருஷம், கடைக்காரர் யார் என்பது ஒன்றும் படத்தின் பின்னால் எழுதப்படவில்லை. எழுதப்படாததும் நல்லதாய்ப் போயிற்று. எழுதியிருந்தால் அதைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்க்காமலேயே போய்விடுவோம். நம் ஜனங்களுக்கு எழுதி வைத்ததை நம்புகிற பழக்கம் உண்டே தவிர, எதிரில் இருப்பதைப் பார்க்கிற பழக்கம் குறைவல்லவா?

ஆகவே இன்று ஒரு காரியம் செய்வோம். இந்தப் படத்தைப் பார்த்து, இதில் என்ன தெரிகிறது, அதிலிருந்து என்ன முடிவு கட்டலாம் என்று நாமே யோசிப்போம். யார் என்ன சொன்னாலும், "அது எப்படித் தெரியும்?" என்று கேட்போம். நம்மையும் கேளுங்கள். "பெரியவர்கள் சொன்னார்கள்" என்கிற பதில் இங்கே செல்லாது.

படத்தில் இருப்பது என்ன?

முதலில் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லுவோம். அகலமான வாசல் உள்ள ஒரு கடை. வாசலில் டயர்கள் முறுக்கு அடுக்கினாற்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. சில டயர்கள் சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டிருக்கின்றன. ஒரு மோட்டார் வண்டி நிற்கிறது. அதன் சக்கரத்துக்கு இன்றுபோல இரும்புத் தட்டு இல்லை. மாட்டு வண்டிச் சக்கரம்போல மரத்தால் ஆன ஆரக்கால்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கப்பட்டிருக்கிறது. நாற்காலியில் ஒருவர் தலைப்பாகையும் கோட்டுமாக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒருவர் கணக்குப் புத்தகத்தோடு நிற்கிறார். கீழே வெறுங்காலோடு இரண்டு ஆட்கள். ஒருவர் கையில் டயரைக் கழற்றும் லீவர். ஓரத்தில் ஒரு சிறுவன். அவன் கையில் காற்றடிக்கும் பம்பு. அவன் முகம் மட்டும் மங்கிக் கலங்கிப்போயிருக்கிறது.

அந்தச் சிறுவனுடைய முகம் ஏன் மங்கிற்று? பேய் பிடித்ததா? இல்லை. அக்காலத்துக் காமிராவில் வெளிச்சம் பதிவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் அசையாமல் இருந்தவருடைய முகம் தெளிவாக விழும். அசைந்தவருடைய முகம் கலங்கிவிடும். நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தவருடைய மீசை மயிரைக்கூட எண்ணலாம்போல இருக்கிறது. பம்பு அடித்துக் கொண்டிருந்த பையனுக்கு முகமே இல்லை. உழைத்தவன் முகம் மறைந்து, உட்கார்ந்தவன் முகம் நிலைத்தது. இது போட்டோக்காரன் செய்த சூழ்ச்சி அல்ல, காமிராவின் இயல்பு. ஆனால் நம் நாட்டுச் சரித்திரங்களிலும் புராணங்களிலும் உழைத்தவன் முகம் மறைந்துபோனதே, அதற்கு எந்தக் காமிராவைக் குற்றம் சொல்லுவது?

வெள்ளை டயர்

இனி டயரைப் பாருங்கள். அடுக்கில் உள்ள டயர்களில் பாதிக்குமேல் வெளுப்பாக இருக்கின்றன. கூட்டத்தில் ஒரு தோழர், "பழைய படமாதலால் வெளுத்துப் போயிருக்கும்" என்கிறார். நல்ல சந்தேகம்தான். ஆனால் அதே படத்தில் நாற்காலிக்காரருடைய கோட்டுக் கறுப்பாகவே இருக்கிறதே? படம் வெளுத்திருந்தால் கோட்டும் வெளுத்திருக்க வேண்டாமா? ஆகவே டயரே வெளுப்பானது என்றுதான் கொள்ள வேண்டும்.

அது உண்மையும் ஆகும். ரப்பர் மரத்தின் பால் வெள்ளை. அதை உறைய வைத்தால் வருகிற ரப்பரும் வெளுப்பு அல்லது பழுப்பு. அதோடு துத்தநாகச் சுண்ணம் முதலிய வெள்ளைப் பொடிகளையும் சேர்த்தார்கள். ஆதியில் டயர்கள் பெரும்பாலும் வெளுப்பாகத்தான் இருந்தன. பிரான்ஸ் தேசத்து மிஷலின் கம்பெனியார் 1898-இல் டயர்களை அடுக்கினாற்போல ஒரு மனித உருவத்தைத் தங்கள் விளம்பரத்துக்கு வரைந்தார்கள். அந்த உருவம் இன்றைக்கும் வெள்ளையாகவே இருக்கிறது. டயர் கறுத்து நூறு வருஷத்துக்குமேல் ஆகியும் பொம்மை மட்டும் கறுக்கவில்லை. காரணம் போன பிறகும் உருவம் நிற்கிறது. பொம்மை என்பது தெரிந்தே அதை வைத்திருக்கிறார்கள். அதற்கு யாரும் கற்பூரம் காட்டுவதில்லை. நாமோ காரணம் செத்துப்போன எத்தனையோ காரியங்களைத் தோளில் சுமந்துகொண்டு, அதற்குப் படையலும் போடுகிறோம்.

சரி, டயர் எப்போது கறுத்தது? 1904-ஐ ஒட்டி இங்கிலாந்தில் ரப்பர் வேலை செய்தவர்கள், ரப்பரோடு கரிப்புகையைச் சேர்த்தால் அது வெகு உறுதியாவதைக் கண்டார்கள். 1910-க்குப் பிறகு அமெரிக்கக் கம்பெனிகள் அதை மோட்டார் டயருக்குப் பெருவாரியாக உபயோகிக்கத் தொடங்கின. தரையில் உராய்ந்து தேய்வதைத் தாங்கும் சக்தி அதனால் பல மடங்கு ஏறிற்று. ஆகவே வெளுப்பும் கறுப்பும் கலந்து கிடக்கிற இந்தக் கடை, பெரும்பாலும் 1910-க்கும் 1930-க்கும் இடைப்பட்டது என்று சொல்லலாம். மர ஆரக்கால் சக்கரமும் அதற்குப் பொருந்துகிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை: அக்காலத்துப் போட்டோக் கண்ணாடிகளில் சிவப்பு நிறம் கறுப்பாகவே விழும். சிவப்பு ரப்பர் டயர்களும் அப்போது இருந்தன. ஆகவே கறுப்பாய்த் தெரிவதெல்லாம் கரி என்று நாம் அடித்துப் பேசக் கூடாது. நமக்கு அனுகூலமான முடிவு என்பதற்காகச் சாட்சியத்தை வளைப்பது புரோகிதருடைய வேலை. நம்முடைய வேலை அல்ல.

ஒரே கரிதான்

தாய்மார்களே! இங்கேதான் உங்களிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். அந்தக் கரிப்புகை என்பது என்ன? விளக்குச் சுடரின்மேல் ஒரு மூடியைப் பிடித்தால் படிகிறதே, அதைச் சேர்ந்த சரக்குதான். நீங்களும் அதைப் பிடித்து, மை கூட்டி, குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்கிறீர்கள். வெள்ளைக்காரன் அதைப் பிடித்து ரப்பரில் கலந்தான். இரண்டு பேர் கையிலும் இருந்தது ஒரே கரி.

அவன் என்ன செய்தான்? கரி கலந்த டயர் ஒன்றையும், கலக்காத டயர் ஒன்றையும் ஓட்டிப் பார்த்தான். எது எத்தனை மைல் ஓடிற்று என்று எழுதிவைத்தான். எவ்வளவு கரி சேர்த்தால் நல்லது, எந்த அளவுக்குமேல் கெடுதல் என்று அளந்தான். நாம் என்ன செய்தோம்? பொட்டு வைத்த குழந்தைகள் எத்தனை, வைக்காத குழந்தைகள் எத்தனை, எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது என்று எந்தக் காலத்திலாவது எண்ணிப் பார்த்தோமா? குழந்தை நன்றாயிருந்தால் பொட்டின் மகிமை என்றோம். காய்ச்சல் வந்தால் பொல்லாத கண் என்றோம். ஆக, பொட்டு தோற்பதற்கு வழியே இல்லாமல் செய்துவிட்டோம். தோற்பதற்கு வழியில்லாத ஒன்றைப் பரீட்சை செய்ய முடியாது. பரீட்சை செய்ய முடியாத ஒன்றைத் திருத்தவும் முடியாது. அதனால்தான் நூறு வருஷத்தில் டயர் எத்தனையோ மாறிற்று. திருஷ்டிப் பொட்டு அப்படியே இருக்கிறது.

டயரில் தறி இருக்கிறது

நெசவாளத் தோழர்களே! டயர் என்றால் ரப்பர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். டயரை அறுத்துப் பாருங்கள்; உள்ளே துணி இருக்கும். ரப்பர் மட்டும் இருந்தால் காற்றடித்தவுடன் பலூன்போல ஊதிவிடும். அதைக் கட்டிப் பிடிப்பது நூல்தான். ஆதியில் பருத்தி நூலால் கெட்டியாக நெய்த கித்தான் துணியை வைத்தார்கள். அதிலேதான் ஒரு சங்கடம் வந்தது. அதை உங்களுக்கு விளங்கச் சொல்வது மிகச் சுலபம்.

பாவும் ஊடையும் ஒன்றை ஒன்று மேலும் கீழுமாகத் தாண்டிப் போவதுதானே நெசவு? சேலைக்கு அது அழகு. ஆனால் டயர் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் பட்டு நசுங்கி நிமிர்கிறது. அப்படி நசுங்கும்போதெல்லாம் பாவு நூல் ஊடையை அறுக்கிறது; ஊடை நூல் பாவை அறுக்கிறது. உராய்வினால் சூடு ஏறுகிறது. சில ஆயிரம் மைல் போவதற்குள் துணி இற்று, டயர் வெடித்துவிடும். இந்தப் படத்தில் பழுது பார்க்க வந்து கிடக்கிற டயர்கள் எத்தனை என்று பாருங்கள். அக்காலத்தில் மோட்டார் வைத்திருப்பவர் டயருக்குக் கொடுக்கிற பணத்துக்கு அளவில்லை.

1890-களில் அமெரிக்கரான ஜான் பாமர் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். ஊடையை ஏறக்குறைய எடுத்தே விட்டார். பாவு நூல்களை மட்டும் பக்கம் பக்கமாகப் பரப்பி, கலையாமல் இருப்பதற்காக எங்கேயோ ஒரு மெல்லிய ஊடை ஓட்டி, அதன்மேல் ரப்பரைப் பூசி, ஒரு அடுக்கு இந்தச் சாய்வில், அடுத்த அடுக்கு எதிர்ச் சாய்வில் என்று வைத்தார். நூலுக்கும் நூலுக்கும் நடுவே ரப்பர் இருப்பதால் அறுப்பு நின்றது. முதலில் சைக்கிளுக்கு வந்த இந்த முறை, பிறகு மோட்டாருக்கும் வந்து, டயரின் ஆயுளை நீட்டிற்று. பருத்தி நூலுக்குப் பின் ரேயான் நூல் வந்தது. பிறகு நைலான், பாலியெஸ்டர் வந்தன. 1946-இல் மிஷலின் கம்பெனியார் இரும்புக் கம்பி வைத்த ரேடியல் டயருக்குப் பேட்டெண்ட் கேட்டு மனுப்போட்டார்கள். சென்னைக்கு வடக்கே மணலியிலும் டயருக்கான நைலான் நூல் தொழிற்சாலை 1970-களில் ஏற்பட்டது.

குழித்தறியில் உட்கார்ந்து நாடா ஓட்டுகிற உங்களில் யாரைக் கேட்டாலும், "நூல் நூலை அறுக்கும்" என்று ஒரு நொடியில் சொல்லியிருப்பீர்கள். அந்த அறிவுக்கு உலகத்திலே விலை இருந்தது. ஆனால் நம் நாட்டில் என்ன செய்தார்கள்? கையால் தொழில் செய்கிறவனுக்குப் படிப்பு வேண்டாம் என்றார்கள். படித்தவன் கையால் தொழில் செய்யக் கூடாது என்றார்கள். கைக்கும் புத்திக்கும் நடுவில் ஜாதியைக் கொண்டுபோய் வைத்தார்கள். கையிலே அறிவு உள்ளவனுக்கு எழுத்து இல்லை; எழுத்து உள்ளவனுக்குத் தறியின் முன்னால் உட்காருவது இழிவு. பிறகு கண்டுபிடிப்பு எங்கிருந்து வரும்? "எல்லாம் வேதத்திலேயே இருக்கிறது" என்று, மற்றவன் கண்டுபிடித்த மறுநாள் சொல்லத்தான் வரும்.

டயரைச் செய்தவர்கள் யார்?

டயரை உண்டாக்கினவர்கள் எந்த ரிஷியும் அல்லர். ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் உடையாமலும் இருக்கும் என்பதை 1839-இல் கண்டவர் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர். கடனுக்காகச் சிறையில் இருந்தவர். 1860-இல் இறந்தபோதும் கடனாளி. காற்றடைத்த டயருக்கு 1845-இல் பேட்டெண்ட் வாங்கினவர் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் தாம்ஸன் என்கிற இளைஞர். உலகம் அவரை மறந்துவிட்டது. 1888-இல் பெல்பாஸ்ட் நகரத்து மாட்டு வைத்தியரான டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காக அதையே மறுபடியும் தாமாகச் செய்தார். பிறகு, தாம்ஸன் முன்னமே செய்துவிட்டார் என்று தெரிந்தவுடன் டன்லப்புடைய பேட்டெண்ட் செல்லாமல் போயிற்று. கவனியுங்கள்: எவ்வளவு பெரிய பேரானாலும், உண்மை வேறு என்று ருஜுவானால் அங்கே விட்டுக்கொடுக்கிறார்கள்.

சூடேற்றும் அந்த முறைக்கு "வல்கனைஸிங்" என்று பேர். ரோமாபுரியாருடைய அக்கினி தேவனான வல்கன் பேரால் வந்தது. நம் ஊர்ப் பஞ்சர்க் கடைப் பலகையிலும் அந்தத் தேவன் பேர் இருக்கிறது. ஆனால் ஒட்டுப் போடும்போது யாரும் வல்கனைக் கூப்பிடுவதில்லை; சூடு சரியாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். தேவன் பலகையில் இருக்கிறான். வேலையைச் சூடு செய்கிறது. இந்த அளவில் வைத்திருந்தால் நமக்கும் எந்தத் தேவனோடும் சண்டை இல்லை.

நம் நாட்டிலும் இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். சென்னை சிம்ஸன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-இல் நீராவி மோட்டார் ஒன்றைக் கட்டினார். டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1912-இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். கோயமுத்தூர் ஜி.டி.நாயுடு பள்ளிக்கூடப் படிப்பை அதிகம் பெறாதவர். மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பிரித்துப் பூட்டியே தொழில் கற்றவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டார். பழனிக்குக் காவடி எடுத்துப் போகிறவர்களுக்குக் காலைக் காப்பாற்றியது டயர்தான்.

இந்த ஊர்ச் சங்கதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ஆம் வருஷம் இந்தச் சின்ன காஞ்சிபுரத்திலே அத்திவரதரை 48 நாள் வெளியே வைத்திருந்தார்கள். எத்தனை லட்சம் ஜனங்கள் வந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வந்தவர்களில் எத்தனை பேர் கருடன்மேல் வந்தார்கள்? பெரும்பாலோர் டயர்மேல்தான் வந்தார்கள். சுவாமி ஏறுகிற தேருக்கே தமிழ்நாட்டில் பல ஊர்களில் திருச்சி பி.எச்.இ.எல். தொழிற்சாலையார் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்திருக்கிறார்கள். முட்டுக்கட்டை போடுகிறவன் சக்கரத்தில் சிக்கிச் சாகிறதை மந்திரம் தடுக்கவில்லை, பிரேக் தடுக்கிறது.

படத்தில் இல்லாதவர்கள்

தோழர்களே! படத்தில் இருக்கிறவர்களைப் பார்த்தோம். இல்லாதவர்களையும் பார்க்க வேண்டும். இந்த ரப்பர் எங்கிருந்து வந்தது? 1876-இல் விக்ஹாம் என்கிற ஆங்கிலேயர் பிரேஸில் தேசத்திலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். அதில் முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போயின. பின்னால் கங்காணிகள் நம் ஜில்லாக்களில் புகுந்து, முன்பணம் கொடுத்து, கப்பல் ஏற்றி, தமிழர்களை மலேயாத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். விடியுமுன் எழுந்து மரத்தைச் சீவிப் பால் எடுத்தவன் தமிழன். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் அந்தத் தோட்டத் தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதைக்கு ஓட்டிச் சென்றதில் ஆயிரமாயிரம் பேர் மாண்டார்கள்.

ஆப்பிரிக்காவில் நடந்தது இதைவிடக் கொடுமை. டயர் வியாபாரம் ஏறின காலத்தில் காங்கோ தேசம் பெல்ஜியம் அரசனான லியோபோல்டின் சொந்தச் சொத்தாயிருந்தது. குறித்த எடை ரப்பர் கொண்டுவராத கிராமத்தாரைச் சுட்டார்கள், கைகளை வெட்டினார்கள். 1904-இல் ஆலிஸ் ஹாரிஸ் என்கிற பாதிரிப் பெண்மணி ஒரு படம் பிடித்தார். ஒரு தகப்பன் தன் சிறு மகளுடைய வெட்டுண்ட கையையும் காலையும் எதிரில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற படம். அது ஊர் ஊராகக் காட்டப்பட்டது. அரசன் எத்தனை பத்திரிகைகளுக்குப் பணம் கொடுத்தும் அந்தப் படத்துக்குப் பதில் சொல்ல முடியவில்லை. 1908-இல் காங்கோ அவன் கையைவிட்டுப் போயிற்று. ஒரு படம் அவ்வளவு செய்யும். பார்க்கிறவன் "ஏன்" என்று கேட்டால் செய்யும். "எல்லாம் தலையெழுத்து" என்று சொன்னால் படம் வெறுங் காகிதமே.

ரப்பர்ப் பாலை எந்த ஜாதியான் எடுத்தான் என்று டயர் வாங்கினவர் எவரும் கேட்கவில்லை. ஆனால் அந்த டயர்மேல் ஓடின பஸ்ஸிலே ஆதிதிராவிடரை ஏற்றமாட்டோம் என்று சொன்னார்கள். டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியன் அவர்கள் ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்தபோது, அப்படி ஏற்ற மறுக்கிற பஸ்ஸுக்கு லைசென்ஸ் கிடையாது என்று உத்தரவு போட்டார். நம் ஊருக்குப் பக்கத்துச் செங்கற்பட்டில் 1929 பிப்ரவரியில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. டயர் சமத்துவத்தைக் கொண்டுவந்தது என்று சிலர் சொல்லுகிறார்கள். டயர் வண்டியைத்தான் கொண்டுவந்தது. கதவைத் திறக்க வைத்தவர்கள் மனிதர்கள்.

எலுமிச்சம்பழத்தின் வயது

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஆயுத பூஜை அன்று வண்டிக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, நான்கு டயருக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குகிறோம். பூசணிக்காயில் குங்குமத்தைக் கொட்டி நடுரோட்டில் உடைக்கிறோம். கேட்டால் "ஆதிகாலத்து வழக்கம்" என்கிறார்கள். இந்தப் படத்தில் எலுமிச்சம்பழம் காணப்படவில்லை. அதனால் அக்காலத்தில் அது இல்லவே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். ஒரு நாள் எடுத்த ஒரு படம் அவ்வளவுக்குச் சாட்சி ஆகாது. ஆனால் ஒன்று நிச்சயம். காற்றடைத்த டயர் 1888-க்குப் பிறகு பழக்கத்துக்கு வந்தது. ஆகவே டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற வழக்கம் அதற்கு மூத்ததாக இருக்க முடியாது. எந்த வேதத்திலும், எந்த ஆகமத்திலும் அது இருக்க முடியாது. நம் கொள்ளுப்பாட்டனார் காலத்தில் யாரோ தொடங்கின ஒன்று, நம் கண்ணெதிரிலேயே "ஆதிகாலம்" ஆகிவிட்டது! இதற்கு இது கதி என்றால், மற்ற "ஆதிகால" வழக்கங்களுடைய ஜாதகத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டாமா?

ஒரு லாரித் தோழர் கேட்பார்: "ஐயா, ஒரு பழம் வைத்தால் என்ன குடி முழுகிவிடும்? மனசுக்கு ஒரு தைரியம்தானே?" நியாயமான கேள்வி. நஷ்டம் பழத்தில் இல்லை, தோழரே. அந்தத் தைரியத்தில்தான் இருக்கிறது. டயரில் காற்று எவ்வளவு என்று அளந்து பார்க்காதவன்கூட எலுமிச்சம்பழத்தை மறப்பதில்லை. தேய்ந்து மொட்டையான டயரைக் குங்குமம் மூடிவிடுகிறது. உடைத்த பூசணிக்காய் ரோட்டில் கிடந்து, இருட்டில் மோட்டார் சைக்கிளில் வருகிறவனைச் சறுக்கி விழச் செய்கிறது. ரோட்டில் உடைக்காதீர்கள் என்று போலீசார் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார்கள். யாருடைய திருஷ்டியைக் கழிக்கிறோம்? பின்னால் வருகிறவனுடைய காலையல்லவா கழிக்கிறோம்!

பஞ்சர்க் கடைத் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். லாரிச் சக்கரத்தில் டயரைப் பூட்டிப் பிடிக்க லாக் ரிங் என்று ஒரு இரும்பு வளையம் உண்டு. உள்ளே காற்று ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் நூறு பவுண்டு அளவுக்கு அழுத்துகிறது. எல்லா அங்குலத்தையும் கூட்டினால் பல டன் ஆகும். வளையம் சரியாக உட்காராமலோ துருப்பிடித்தோ இருந்தால், காற்றடிக்கும்போது அது தெறித்துப் பறக்கும். எதிரில் குனிந்திருப்பவனுடைய தலை தப்பாது. இதற்குப் பரிகாரம் என்ன? சக்கரத்தை வலுவான இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீளமான குழாய் மாட்டி, எட்ட நின்று காற்றடிக்க வேண்டும். அமெரிக்காவில் 1980 முதல் இதைச் சட்டமாக்கியிருக்கிறார்கள். நம் ரோட்டோரக் கடைகளில் எத்தனை இடத்தில் அந்தக் கூண்டு இருக்கிறது? கூண்டு இல்லாத கடையிலும் வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் தொங்குகிறது. மிளகாயும் எலுமிச்சம்பழமும் கோத்துக் கட்டியிருக்கிறது. ஆயுத பூஜைக்கு முதலாளி பொரியும் பழமும் வாங்கிக் கொடுக்கிறார். அத்தனை வருஷத்துப் பூஜைச் செலவைக் கூட்டிப் பார்த்தால் ஒரு கூண்டு வாங்கியிருக்கலாம்.

நாம் தொழிலாளியைப் பரிகாசம் செய்யவில்லை. ஆபத்து அவன் கண்முன் இருக்கிறது. அதைத் தடுக்கும் வழியை யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை. அதனால் அவன் எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொள்கிறான். நம்முடைய சண்டை, பழத்தைக் கொடுத்துக் கூண்டை மிச்சம் பிடிக்கிறவரோடுதான்.

நாம் செய்யக்கூடியது

ஆகவே இன்று கலைந்து போகுமுன் சில காரியங்களை முடிவு செய்துகொள்ளுங்கள். லாரி, பஸ், ஆட்டோ வைத்திருக்கிற தோழர்கள், இந்த ஆயுத பூஜைக்கு முன்னால் டயரின் காற்றையும் தேய்வையும் அளந்து பாருங்கள். பூசணிக்காயைக் குழம்பு வையுங்கள், ரோட்டில் உடைக்காதீர்கள். பெரிய சக்கரத்துக்குக் காற்றடிக்கும் கடைக்காரர்களைக் கூண்டு வைக்கச் சொல்லுங்கள். வைக்காத கடையில் உங்கள் வண்டியை விடாதீர்கள். வாடிக்கைக்காரன் கேட்டால் முதலாளி காது கொடுப்பார்.

படத்தில் பம்பு அடிக்கிற பையனையும் மறக்க வேண்டாம். நம் காஞ்சிபுரத்துத் தறிக் குழிகளிலும் முன்பணத்துக்கு அடகாகச் சிறு பிள்ளைகள் உட்கார்ந்திருந்த காலம் உண்டு. 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 2016-இல் 14 வயதுக்கு உட்பட்டவரைக் கூலி வேலைக்கு வைப்பதே குற்றம் என்று திருத்தினார்கள். சட்டம் வந்துவிட்டது என்று நாம் தூங்கக் கூடாது. எந்தப் பஞ்சர்க் கடையிலாவது பள்ளிக்கூட வயதுப் பையன் லீவரோடு நின்றால், அவனுக்கு நாலணாத் தர்மம் செய்துவிட்டுப் போகாதீர்கள். அவன் தகப்பனாரையும் கடைக்காரரையும் பார்த்துப் பேசி, அவனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீடுகளிலும் பழைய படங்கள் இருக்கும். கடைப் படம், தறிப் படம், கல்யாணப் படம் எதுவாயினும், நடுவில் உட்கார்ந்திருப்பவர் பேரை எல்லோரும் சொல்லுவார்கள். ஓரத்தில் நிற்கிறவர் யார் என்று வீட்டுக் கிழவியை இன்றே கேளுங்கள். கேட்டு, பென்சிலால் படத்தின் பின்னால் எழுதி வையுங்கள். அவர் என்ன வேலை செய்தார், எவ்வளவு கூலி வாங்கினார் என்பதையும் எழுதுங்கள்.

இந்தப் படம் கூட்டம் முடிந்த பிறகு மேஜைமேல் இருக்கும். வந்து பாருங்கள். நாம் சொன்னதில் எது தப்பு என்று தோன்றினாலும் சொல்லுங்கள்; காரணம் காட்டிச் சொன்னால் திருத்திக்கொள்வோம்.